பதினோரு விநாடி

"மேடம், கரப்பான்பூச்சியைப் பாத்துட்டுக் கத்துற மாதிரி இருக்கு. செத்த பிள்ளையைப் பாக்குற தாய் இப்படியா கத்துவா?"

இயக்குநரின் குரல் ஹெட்ஃபோனில் கேட்டது. இதோடு இருபத்தேழு டேக் ஆகிவிட்டது. கண்ணாடி அறைக்குள் மைக்கின் முன்னால் நின்றிருந்த டப்பிங்காரி வெந்நீரை ஒரு மிடறு விழுங்கினாள். தொண்டையில் மணலை அள்ளிப் போட்டதுபோல் எரிந்தது.

"இன்னொண்ணு போயிடலாம் சார்."

"இன்னொண்ணு, இன்னொண்ணுன்னு மத்தியானமே ஆயிடுச்சு. வராதுன்னா சொல்லிடுங்க. நாளைக்கு வேற ஆளை வரச் சொல்லிடுறேன்."

இருபது வருஷமாகக் கூட்டத்தோடு கூட்டமாகக் கத்தியே அவள் பிழைப்பு ஓடியது. கல்யாண வீட்டு இரைச்சல், கடைத்தெருச் சண்டை, ரயில் கிளம்பும் சந்தடி, எல்லாவற்றிலும் ஒரு மூலையில் அவள் குரல் இருக்கும். கதாநாயகிக்குப் பேச இப்போதுதான் கூப்பிட்டிருக்கிறார்கள். அதுவும் அவளுக்காக இல்லை, அவள் அம்மாவுக்காக.

நாற்பது வருஷத்துக்கு முன் சக்கைப்போடு போட்ட பேய்ப் படத்தை இப்போது மறுபடியும் எடுக்கிறார்கள். வாரப் பத்திரிகையில் தொடராக வந்தபோதே வீட்டுக்கு வீடு அடித்துப் பிடித்துக்கொண்டு படித்த நாவல் அது. பூட்டிய அறையைத் திறந்த தாய் அலறினாள் என்று நாவலில் ஒரே வரிதான். படத்தில் அது பதினோரு விநாடி. தியேட்டரிலேயே மயங்கி விழுந்தவர்கள் உண்டாம். திரையில் வாயைத் திறந்தது ஒரு நடிகை, அலறியது அம்மா. அந்தப் பழைய ஒலியையே எடுத்துப் போடலாம் என்றால் பின்னணி இசை அதோடு ஒட்டிக்கொண்டு பிரிய மாட்டேன் என்கிறது.

அம்மா இப்போது பக்கவாதத்தில் பேச்சிழந்து படுக்கையில் கிடக்கிறாள். பேச்சு இருந்த காலத்திலும் அந்தப் படத்தைப் பற்றி வாயே திறந்ததில்லை. டிவியில் போட்டால் எழுந்து சமையலறைக்குப் போய்விடுவாள். இன்று காலையில், "உன் அலறலை நான் பண்ணப் போறேம்மா" என்று இவள் சொன்னதும், அசைகிற ஒரே கையால் மகளின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. விரல் விரலாகப் பிரித்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டியிருந்தது. பெற்ற மகள் மேலேயே பொறாமையா என்று வழியெல்லாம் குமைந்தபடி வந்தாள்.

"பாப்பா, ரெடியா?" கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மேஜையில் இருந்த மாமா கேட்டார்.

சொந்த மாமா இல்லை. அம்மா காலத்திலிருந்தே இங்கே ஒலிப்பதிவு செய்பவர். குழந்தையாக அவள் இங்கே வந்தபோது மடியில் உட்காரவைத்து பிஸ்கட் கொடுத்தவர். அவருக்கென்று ஓர் ஒழுங்கு உண்டு. கண்ணாடிக்கு மேலே சிவப்பு விளக்கு எரிந்தால் பதிவு ஓடுகிறது என்று அர்த்தம். அதை அணைத்த பிறகுதான் வாயைத் திறப்பார். தும்மல் வந்தால்கூட விளக்கை அணைத்துவிட்டுத்தான் மாமா தும்முவார் என்று ஸ்டூடியோவில் கேலி பேசுவார்கள்.

சிவப்பு விளக்கு எரிந்தது. அவள் அலறினாள். பாதியிலேயே குரல் உடைந்து இருமலாகிவிட்டது. விளக்கு அணைந்தது.

இயக்குநர் மாமாவின் காதருகே குனிந்து ஏதோ சொன்னார். மாமா முடியாது என்று தலையசைத்தார். இயக்குநர் மறுபடியும் சொன்னார். மாமா கையெடுத்துக் கும்பிட்டார். மூன்றாவது முறை, தலையைக் குனிந்துகொண்டு, சரி என்றார். தனக்காகத்தான் மனுஷன் இப்படிக் கெஞ்சுகிறார் என்று நினைத்து அவளுக்குக் கண் கலங்கியது.

"பாப்பா, மைக்கை விட்டு நகராத. கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கோ. ஒண்ணு சொல்றேன்."

அவள் மூடிக்கொண்டாள். "சொல்லுங்க மாமா."

"உனக்கு ஒரு அண்ணன் இருந்தான், தெரியுமில்ல?"

"தெரியும். நான் பிறக்குறதுக்கு முன்னாடியே காய்ச்சல்ல போயிட்டான்."

"காய்ச்சல் இல்லம்மா. மாடியிலேர்ந்து விழுந்துட்டான். உங்கம்மா அன்னிக்கு இதே இடத்துல நின்னு, உன்ன மாதிரியே அலறல் வராம தவிச்சுக்கிட்டிருந்தா. பதினோரு மணிக்கு ஆஸ்பத்திரியிலேர்ந்து போன் வந்துச்சு. பிள்ளை அம்மாவைக் கேக்குறான், உடனே அனுப்புங்கன்னாங்க. நான்தான் எடுத்தேன்."

"அப்புறம்?"

"அப்ப இருந்த டைரக்டர், டேக் முடியட்டும், சொல்லாதேன்னுட்டார். டேக் வரவே இல்ல. மூணு மணிக்கு மறுபடி போன். எல்லாம் முடிஞ்சுபோச்சுன்னாங்க. நாலு மணி நேரம் அம்மா, அம்மான்னே கிடந்திருக்கான். அதுக்கப்புறம்தான் சொல்லச் சொன்னார் பாப்பா. அவ மைக் முன்னாடி நிக்கும்போது, ஹெட்ஃபோன்லயே சொல்லச் சொன்னார். நான் சொன்னேன். அந்தப் பதினோரு விநாடி அதுதான்."

காலையில் பிரித்துவிட்டு வந்த விரல்கள் மணிக்கட்டில் மறுபடியும் இறுகின. அவள் அலறினாள். அது அண்ணனுக்காகவா, அம்மாவுக்காகவா என்று அவளுக்கே தெரியாது. தன் தொண்டையில் இப்படி ஒரு சத்தம் இருப்பதும் அதுவரை தெரியாது. மூச்சு தீரும்வரை அலறி முடித்துச் சுவரைப் பிடித்துக்கொண்டு கண்களைத் திறந்தாள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மாமா இரண்டு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதுகொண்டிருந்தார். மேலே, சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.