குக் ரசாக்கின் ரஃபீஸா

டேபிள் ஃபேனைத் தாம்பாளத்தின் பக்கம் திருப்பி வைத்தேன்.

ஆவி பறந்துகொண்டிருந்தது. கோழி, தோலோடு உள்ள மைசூர் பருப்பு, வதங்கிய வெங்காயம், அடியில் பிய்த்துப் போட்ட பொரோட்டா. ரஃபீஸா என்பார்கள். பிள்ளை பெற்றவளுக்கு மொராக்கோக்காரர்கள் மூன்றாம் நாள் ஆக்கிக் கொடுப்பது. நம்மூர்ப் பிரசவ மருந்து போலவே அதிலும் வெந்தயம் உண்டு.

என் மகள் ஃபாஸிலா பெற்று இன்றோடு மூன்று நாள். கட்டிலில் உட்கார்ந்து தாம்பாளத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் பிறந்தபோது நான் துபாயில் இருந்தேன். அவளுக்குப் பால்பல் விழுந்ததையும் போனில்தான் கேட்டேன். இருபது வருஷம் அங்கே ஒரு மொராக்கோ ஓட்டல் அடுக்களையில் நின்றவன், மகளுக்கு ஒரு நாளாவது ஆக்கிப் போட வேண்டாமா?

தேங்காப்பட்டணத்தில் எனக்கு ‘குக் ரசாக்’ என்றுதான் பேர். ஃபாஸிலாவுக்கு மாப்பிள்ளை பார்த்தபோதுகூட என் மனைவி சைனப் அதைத்தான் வாய் நிறையச் சொன்னாள். ஊர் விருந்துகளுக்குக் கரண்டி பிடிக்கக் கூப்பிடுவார்கள். முதுகுவலி என்று சொல்லிவிடுவேன்.

இன்றைக்கு முதுகுவலி சொல்லவில்லை. காலையிலிருந்து அடுப்படியில் நின்றேன். கோழி வெந்துவிட்டதா என்று நாலு தடவை குத்திப் பார்த்தேன். நல்லவேளை, சைனப் பேரப்பிள்ளையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள்.

“இன்னும் கொஞ்சம் ஆறட்டும் மக்ளே” என்றேன் மகளிடம்.

மேலே நெய் லேசாக உறைய வேண்டும். பொரோட்டா சாற்றைக் குடித்துத் தடித்துப்போக வேண்டும். எனக்குத் தெரிந்த ருசி அதுதான். மகளுக்கு அதில் ஒரு குறையும் வைக்கக் கூடாது.

சைனப் பிள்ளையோடு வந்தாள். ஃபேன் ஓடுவதைப் பார்த்தாள்.

“பெத்து மூணு நாளானவளுக்கு ஆராவது ஆறினதக் குடுப்பாவளா?”

பிள்ளையை மகளிடம் கொடுத்துவிட்டுத் தாம்பாளத்தைத் தூக்கிக்கொண்டு போனாள். எல்லாவற்றையும் சட்டியில் தட்டிச் சூடாக்கிக் கொண்டுவந்தாள்.

ஃபாஸிலா ஒரு வாய் தின்றாள். கண்ணை மூடித் திறந்தாள். அடுத்த வாயை எனக்கு ஊட்டினாள்.

நாக்கு சுட்டது. இஞ்சியும் குங்குமப்பூவும் மூக்கில் ஏறின. நெய் உதட்டில் ஒட்டாமல் வழுக்கிக்கொண்டு போயிற்று. இது வேறு கறியாக இருந்தது.

“சூடா இருந்தா இப்பிடியா இருக்கும்?” என்று கேட்டுவிட்டேன்.

என்ன கேட்டேன் என்பது அதன் பிறகுதான் எனக்கே உறைத்தது.

ஃபாஸிலா சிரித்தாள், வாப்பா தமாஷ் பண்ணுவதாக நினைத்து. சைனப் சிரிக்கவில்லை. என் கையைப் பார்த்தாள். ரேகை அழிந்து, நகக்கண் கறுத்த கை. ரேஷன் கடை மெஷினில் பதியாத விரல்கள். மசாலா தின்ற கை என்று அவளிடம் சொல்லி வைத்திருந்தேன்.

மசாலா தின்னவில்லை. சோப்புத் தண்ணீர் தின்றது. அந்த அடுக்களையில் நான் நின்றது பாத்திரம் கழுவும் தொட்டிப் பக்கம். ஆக்குவதை அங்கிருந்து பார்த்திருக்கிறேன். ரஃபீஸா என்னிடம் வரும்போது நாலு பேர் தின்று எழுந்திருப்பார்கள். தட்டில் மிச்சம் இருக்கும், ஆறித்தான் இருக்கும்.

கையை மடியில் ஒளித்துக்கொண்டேன். இந்த வயதில், மகள் முன்னால், எனக்கு வெட்கமாக இருந்தது.

சைனப் அலமாரியிலிருந்து விருந்தாளிகளுக்கு எடுக்கும் தட்டை எடுத்தாள். அதில் எனக்கு விளம்பி முன்னால் வைத்தாள்.

“ஆறுறதுக்கு முன்ன தின்னுங்க” என்றாள்.