ஒருவருக்கான அளவு

மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மீண்டும் மாட்டிக்கொண்டாள்.

எழுத்து மாறவில்லை.

காலி சூப் பொட்டலத்தை வார்டு ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பினாள். கணவர் உண்பவற்றின் உறைகளைக் கொண்டுவருமாறு மருத்துவமனையில் சொல்லியிருந்தார்கள். காலையில் சூப்பைக் காய்ச்சிப் பிளாஸ்க்கில் ஊற்றியதும் அதையும் பையில் வைத்துக்கொண்டாள். சற்றுப் பெருமையோடுதான்.

சோடியத்துக்கு எதிரே இருந்த எண் சிறியது. கடையில் நின்று, எல்லாப் பொட்டலங்களையும் திருப்பிப் பார்த்து, ஆகச் சிறிய எண்ணைத் தேர்ந்திருந்தாள்.

எண்ணுக்கு மேலே, மடிப்பை ஒட்டி, இன்னொரு வரி இருந்தது.

ஒருவருக்கான அளவு: பொட்டலத்தில் நான்கில் ஒரு பங்கு.

அட்டவணை பொய் சொல்லவில்லை. அது அந்த ஒரு பங்கைப் பற்றி மட்டுமே பேசியது.

கட்டிலில் அவர் கண்களை மூடிக் கிடந்தார். இதயம் நலிந்தவர். உப்பு ஆகாது என்று சொன்ன நாள் முதல் அவள் சமையலில் உப்பு இல்லை. தன் தட்டிலும் இல்லை. மாலையில் மட்டும் அவருக்கு ஒரு பொட்டலம் சூப். முழுவதும் அவருக்கே. நோயாளிக்கென்று வாங்கியதில் மற்றவர் வாய்வைப்பது அந்த வீட்டில் வழக்கமில்லை. பிரித்ததை மிச்சம் வைப்பதும் இல்லை.

"நீ செய்யுறதுல இது ஒண்ணுதான் நாக்குக்கு வெளங்குது" என்பார்.

அவருடைய பாதங்கள் வீங்கத் தொடங்கியபோது அவள் அலமாரியைச் சோதித்தாள். அவருடைய சட்டைப் பைகளைச் சோதித்தாள். எதிர்வீட்டுப் படியேறி, இவருக்கு ஊறுகாய் கொடுத்தீர்களா என்று கேட்டாள்.

"எங்கம்மா மேல சத்தியமா ஒண்ணும் திங்கலடி" என்றார் அவர்.

"செத்தவங்க மேல சத்தியம் பண்ணா பலிக்காதுன்னு தைரியம்."

அதன் பிறகு அவர் சத்தியம் செய்யவில்லை.

மருத்துவர் வந்தார். போர்வையை விலக்கி, கணுக்காலில் விரலை அழுத்தி எடுத்தார். குழி அப்படியே நின்றது.

"இவ்ளோ தண்ணி கோத்திருக்கு. எங்கிருந்தோ உப்பு போயிருக்கு சார். மறைக்காம சொல்லுங்க."

அவள் வாயைத் திறந்தாள்.

அவர் முந்திக்கொண்டார். கண்களைத் திறக்காமலே.

"ஊறுகாய்தான் டாக்டர். இவளுக்குத் தெரியாம."

மருத்துவர் அவளைப் பார்த்தார். இரக்கத்தோடு.

"பாவம், நீங்கதான் என்ன செய்வீங்கம்மா."

அவள் வாயை மூடிக்கொண்டாள்.

காலணியோசை வராந்தாவில் தேய்ந்து மறைந்தது. கையிலிருந்த பொட்டலம் நான்காக மடிந்திருந்தது. எப்போது மடித்தாள் என்று அவளுக்குத் தெரியவில்லை.

அவர் கண் திறந்தார். கோபம் இல்லை. களைப்பு மட்டும்.

"நீ சொன்னதையே சொல்லிட்டேன். இனிமே அந்தப் பேச்ச விட்டுடு."

மூச்சு வாங்கியது. காத்திருந்தார்.

"அந்த சூப்பையாவது கொஞ்சம் குடு."

அவள் பிளாஸ்க்கின் மூடியை இறுக்கினாள். ஏற்கெனவே இறுகியிருந்த மூடி.

அவர் நீட்டிய கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டார். மறுபடி கேட்கவில்லை. குற்றத்தை ஒப்புக்கொண்டவருக்கு அது நியாயமாகவே பட்டிருக்க வேண்டும்.