நாற்பத்திரண்டாம் பெயர்

தலைவர் கேட்ட மூக்குக்கண்ணாடியை எடுப்பதற்காக அவள் அவருடைய மேசை இழுப்பறையைத் திறந்தாள்.

கண்ணாடிக் கூட்டின் அடியில் ஒரு பிறப்புச் சான்றிதழ் இருந்தது. அரசு முத்திரை இட்டது. பிளாஸ்டிக் உறைக்குள் மடிப்புக் கலையாமல்.

எழிலரசு. பதிவு நாள்: ஜனவரி பன்னிரண்டு.

தலைவர் செம்மலையப்பனின் பேரன்.

அவளுடைய மறுகையில் இருந்தது ஊர்மன்றத்தின் பிறப்புப் பதிவேடு. அதன் முதற்பக்கத்தில் முதற்பெயரும் எழிலரசுதான். அதே ஆண்டு, ஜனவரி பதினைந்தில், ஊர் கூடியிருக்க அவளே எழுதியது. தலைவர் குழந்தையை உயர்த்திக் காட்டினார். இனி நம் பிள்ளைகளின் பெயர் எந்த அரசின் ஏட்டிலும் ஏறாது என்றார்.

மூன்று நாள்களுக்கு முன்னரே ஏறியிருந்தது.

எட்டு ஆண்டுகள்.

அணை நீரில் ஊர் மூழ்கியபோது, நீங்கள் எங்கள் எல்லைக்குள் இல்லை என்று இரண்டு மாநிலங்களும் கைகழுவின. அதன்பின், மேட்டில் குடியேறியவர்களுக்கு மன்றமே அரசாயிற்று. ஓர் அரசு தர வேண்டியவை எவை என்று அவளே எழுதிச் சுவரில் ஒட்டினாள். குடிநீர். வழக்குக்குத் தீர்ப்பு. பள்ளி. இடுகாடு. எல்லாவற்றையும் மன்றம் தந்தது. அதை எவரும் மறுக்க முடியாது.

வெளியூரான் நம்பும் ஒரு தாளை மட்டும் தரவில்லை.

பிரசவமெல்லாம் நகரத்து மருத்துவமனையில்தான். இருபத்தொரு நாள்களுக்குள் சென்று கேட்டால் அங்கேயே பதிந்து தருவார்கள். போகக்கூடாது என்பது மன்றத்தின் முடிவு. வீடு வீடாகச் சென்று அதைச் சொன்னவள் அவள்.

அவளுடைய மகன் பதிவேட்டில் இரண்டாம் எண். சென்ற மாதம் மாவட்ட ஓட்டப்பந்தயத்தில் வயதுச் சான்று கேட்டார்கள். பதிவேட்டின் நகலை நீட்டினாள். சிரித்தார்கள். அவன் கோட்டுக்கு வெளியே நின்று அழுதான். நாம் எவரிடமும் கையேந்துவதில்லை என்று அவனை அதட்டினாள்.

அதே பந்தயத்தில் எழிலரசு ஓடினான்.

எப்படி என்று அவள் கேட்கவில்லை.

"கண்ணாடி கெடச்சுதா அம்மிணி?"

திரும்பினாள். தலைவர் அவள் கையில் இருந்த சான்றிதழைப் பார்த்தார். பிறகு வாசலைப் பார்த்தார்.

"ஒரு காவலுக்கு எடுத்து வெச்சதுதான் அம்மிணி. வெளிய சொல்லிப்போடாத."

சொல்லிவிட்டுப் பேனாவின் மூடியைக் கழற்றினார்.

பதிவேட்டில் நாற்பத்திரண்டாம் பெயர் அவருடைய கையொப்பத்துக்குக் காத்திருந்தது. பாவாத்தாளின் மகள். காலையில்தான் எழுதியிருந்தாள், மை அடர்ந்திருந்தது.

பதிவேட்டை மூடினாள். கண்ணாடியை அவர் முன்னால் வைத்துவிட்டு வெளியே வந்தாள்.

தெருவில் பாவாத்தாள், குழந்தையைத் தோளில் சாய்த்தபடி நின்றிருந்தாள்.

"கையெழுத்து ஆயிருச்சாக்கா?"

பாவாத்தாளுக்குப் பின்னால் வீடுகள் வரிசையாகத் தெரிந்தன. ஒவ்வொரு வாசற்படியிலும் மன்றத்தின் முடிவை அவள் ஒருநாள் உட்கார்ந்து சொல்லியிருக்கிறாள்.

"பாப்பாவுக்கு இன்னைக்குப் பத்தொம்போதாவது நாளு. செருப்பப் போட்டுட்டு வா."