முதலாளியின் கட்டம்

"இந்தக் கோடும் வேணாம், அழிச்சிரு சேது."

உம்மு ஹபீபா விரல் வைத்த இடத்தைப் பார்த்ததும் சேதுலட்சுமி ரப்பரைக் கீழே வைத்துவிட்டாள். மாலை வகுப்பில் கம்ப்யூட்டர் படித்தவள் செய்யும் முதல் சாப்ட்வேர் இது. ஹபீபாவின் கணவர் ஹாஜா முகைதீன் துபாயில் வைத்திருக்கும் மளிகைக் கடைக்கு. அவருக்குப் பிடித்தால்தான் அவள் படித்த ராமநாதபுரம் கம்ப்யூட்டர் சென்டரில் அவளுக்கு வேலை.

எதையும் முறையாகச் செய்கிறவள். முதலில் கடை மொத்தத்தையும் படமாக வரைந்திருந்தாள். நடுவில் 'முதலாளி' என்று ஒரு கட்டம். கொள்முதல், விலை, லீவு, சாவி என்று எல்லாக் கோடும் அதில் போய்த்தான் முட்டியது.

"படம் சரி. ஆனா மொத்தத்தையும் முடிச்சுட்டுப் போய் நிக்காத. வாரம் ஒரு துண்டு செஞ்சு காட்டு, சொல்றத மாத்து" என்றார் சென்டர் சார். ஹாஜாவோ, "எனக்கு நேரமில்லம்மா. வீட்டுல கேட்டுக்க" என்றுவிட்டார். அதனால் வெள்ளிதோறும் கீழக்கரையில் ஹபீபா வீட்டுக்கு பஸ் ஏறினாள்.

வாரம் ஒரு கோடு போனது.

"ஏன், அவுக விலை போட்டாத்தான் அரிசி வேகுமாக்கும்? பத்து வருசமா அந்தக் கடையிலயே கெடக்காரு அப்துல் குத்தூஸ். அவரு போடட்டும்" என்றாள் ஹபீபா ஒரு வாரம்.

சேது படத்தைத் திருத்துவாள், அதைப் பார்த்து சாப்ட்வேரைத் திருத்துவாள், துபாய்க்கு அனுப்புவாள்.

இப்போது மிஞ்சியிருந்தது சாவிக் கோடு மட்டும்.

"அக்கா, இதையும் எடுத்தா முதலாளி கட்டம் அந்தரத்துல நிக்கும். எதோடயும் சேராத கட்டம் இருந்தா படமே தப்புன்னு வகுப்புல சொல்லுவாங்க. நான்தான் எங்கனயோ தப்பு பண்ணிட்டேன் போல."

"நீ அழி புள்ள. தப்புன்னா என்னையச் சொல்லு."

அழித்தாள்.

இரண்டு வாரம் கழித்து அவள் மறுபடி வந்திருந்தபோது ஹாஜாவின் போன் வந்தது. ஹபீபா ஸ்பீக்கரில் போட்டாள். சேது நோட்டை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டாள்.

"அந்தப் புள்ள கெட்டிக்காரி, ஹபீபா. ஒரு வாரமா கடையில நான் சும்மா ஈ ஓட்டுறேன். எல்லாத்தையும் குத்தூசே பாத்துக்கிறாரு. அவளுக்கு வேலையப் போட்டுக் குடுங்கன்னு சென்டர்ல சொல்லிட்டேன்."

சேது நோட்டை மடியில் இறக்கினாள். ஹபீபா படத்தை எடுத்து, தனியே நின்ற கட்டத்தை விரலால் தடவினாள்.

"அப்ப டிக்கெட் போடுங்க மச்சான். நான் இல்லாட்டி கடை ஓடாது, கடை ஓடாதுன்னே சொல்லிட்டு இருந்தீக. வயித்துல விட்டுட்டுப் போன புள்ள இந்த வருசம் ஒண்ணாப்பு போறா."