எந்தக் கால்?

இந்த ஆஸ்பத்திரியில் ஒருத்தருக்கும் வலது, இடது தெரியாது என்று வாத்தியார் முடிவு கட்டிவிட்டார்.

காலையில் ஊசி போட வந்த நர்ஸ், "எந்தக் காலுங்க ஐயா?" என்றாள். மயக்க மருந்து டாக்டரும் வந்து அதையே கேட்டார். பெரிய டாக்டரோ இன்னும் ஒரு படி மேலே போய், வலது முழங்காலில் பேனாவால் அம்புக்குறி போட்டுவிட்டு, "இதுதானே?" என்றார்.

"இவங்கெல்லாம் படிச்சுப் பாஸ் பண்ணாங்களா, பிட் அடிச்சுப் பாஸ் பண்ணாங்களா?" என்று மனைவியிடம் பொருமினார்.

"ஆயுசு பூரா பிள்ளைங்களைக் கேள்வி கேட்டே வதைச்சீங்கல்ல? இப்ப நீங்க பதில் சொல்லுங்க."

சிரித்தாளே தவிர, அவளுக்கும் உள்ளுக்குள் உதறல்தான். இந்த ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தால்தான் மனிதர் பழையபடி மாடிப்படி ஏறுவார்.

ஸ்ட்ரெச்சர் தியேட்டர் வாசலுக்கு வந்தது. பச்சை உடுப்பு போட்ட ஓர் அம்மா கைத்தடியை ஊன்றிக்கொண்டு ஆடி அசைந்து வந்தார். இந்தம்மா வந்து சேர்வதற்குள் விடிந்துவிடும் என்று வாத்தியார் நினைத்துக்கொண்டார்.

"எந்தக் காலுங்க சார்?"

வாத்தியாருக்குப் பொத்துக்கொண்டு வந்தது. "இடது!" என்றார் வேண்டுமென்றே.

அவ்வளவுதான். அந்த அம்மா கையை உயர்த்த, கையுறை மாட்டிக்கொண்டிருந்த பெரிய டாக்டர் போட்டது போட்டபடி வெளியே ஓடி வந்தார். "எக்ஸ்ரேயைக் கொண்டு வாங்க! எல்லாத்தையும் முதல்லேருந்து பாருங்க!"

"ஐயையோ, விளையாட்டுக்குச் சொன்னேன்! வலதுதான், வலதுதான்!"

வாத்தியார் கத்தியதை யாரும் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. நர்ஸ், மயக்க மருந்து டாக்டர், பெரிய டாக்டர் என்று ஒவ்வொருவராக வந்து பழையபடி எந்தக் கால் என்று கேட்டார்கள். பரீட்சையில் மாட்டிக்கொண்ட பையன் மாதிரி அவரும் பவ்வியமாகப் பதில் சொன்னார்.

"என்னம்மா கூத்து இது?" என்றார் கடைசியில்.

"முன்ன ஒரு நோயாளி புகார் குடுத்தாங்க சார். அதுக்கப்புறம் பெரிய டாக்டர் போட்ட சட்டம். இப்பல்லாம் நான் சரின்னு சொல்லாம அவரே கத்தியைத் தொட மாட்டாரு."

"வேலைவெட்டி இல்லாம எவனோ குடுத்த புகாருக்கு, ஊரே சேர்ந்து என் உசிரை வாங்குது! யாரும்மா அந்தப் புண்ணியவான்?"

அந்த அம்மா போர்வையை அவர் கழுத்துவரை இழுத்துவிட்டார்.

"நான்தாங்க சார். அன்னைக்கு என்னை யாருமே கேக்கல."