பின்வரிசை மைக்

பென் டிரைவைச் செருகி சுவிட்சைப் போட்டால் பிளேயரின் தட்டு தானாக வெளியே வரவேண்டும். மூன்று முறை போட்டாகிவிட்டது. வரவில்லை.

விழுப்புரத்தில் ஆம்ப்ளிஃபயர் ரிப்பேர் பார்க்கும் கோதண்டபாணியிடம் கெஞ்சி வாங்கிவந்த பழைய ப்ளூ-ரே பிளேயர் அது. காலையில் திண்டிவனம் பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தேன். சாயங்காலம் ஆறு மணி பஸ்ஸில் திருப்பிக் கொண்டுபோக வேண்டும். நாளைக்கு அதை யாரோ வாங்கிப் போகிறார்களாம்.

இந்த மாடலை விட்டால் வேறு கதி இல்லை. என்னிடம் இருப்பது எஸ்.ஏ.சி.டி. என்கிற வகை டிஸ்க். பார்க்க சாதாரண சி.டி. மாதிரிதான் இருக்கும். உள்ளே இரண்டு அடுக்கு. ஒன்றை எந்த மிஷினும் பாடும். இன்னொன்றில்தான் ஐந்து மைக்கும் ஐந்து தடமாகத் தனித்தனியே பதிவாகியிருக்கிறது. அதைக் கம்ப்யூட்டர் தொடவே தொடாது. எவன் போட்ட பூட்டோ, நாசமாய்ப் போக. இந்தப் பிளேயர் வழியாகத்தான் அதை லேப்டாப்புக்கு இறக்க முடியும்.

எனக்கு ஐந்தும் வேண்டாம். ஒன்று போதும். பின்பக்கம், இடது மைக்.

அந்த மைக்குக்குக் கீழேதான் என் மகள் அமலா நின்றிருந்தாள்.

பதினோரு வருஷத்துக்கு முன்னால் பெல்ஜியத்திலிருந்து ஒருவர் வந்து எங்கள் மாதா கோயில் பாடகர் குழுவை ஐந்து மைக் வைத்துப் பதிவு செய்து இந்த டிஸ்கைப் போட்டார். குழுவை நடத்தியது நான். இருபத்திரண்டு பேர். கடைசி வரிசையில் மூன்று பெண்கள், நடுவில் அமலா. அந்தப் பதிவுக்குப் பிறகு அவள் குழுவுக்கே வரவில்லை. காலேஜ் போன திமிர் என்று நானும் விட்டுவிட்டேன்.

ஆறு வருஷம் முன்னால் திருமுருகனை ரிஜிஸ்டர் ஆபீசில் கட்டிக்கொண்டு, விழுப்புரத்தை ஒட்டியிருக்கும் கோலியனூருக்குப் போய்விட்டாள். கோயிலில் வைத்து நடக்காத கல்யாணத்துக்கு நான் வரமாட்டேன் என்றேன். போகவில்லை. அதன்பிறகு பேசவும் இல்லை.

என் மனைவி ரோஸ்லின் அவளோடு ஃபோனில் பேசும்போது, ஸ்பீக்கரில் போடு என்று சொல்ல நாக்கு துடிக்கும். சொன்னதில்லை. எனக்கும் ரோஷம் இருக்கிறது.

ஆனால் பெற்ற பெண்ணின் குரலைக் கேட்காமல் எத்தனை நாள்தான் இருப்பது. சாதாரண சி.டி.யில் இருபத்திரண்டு பேரும் ஒன்றாகக் குழம்பிக் கிடக்கிறார்கள். எது அவள், எது பக்கத்தில் நின்றவள் என்று பிரிக்கவே முடியவில்லை. அதற்குத்தான் இந்தப் பாடு.

நாலாவது முறை தட்டு திறந்தது. டிஸ்கை வைத்து மூடி, கேபிளை லேப்டாப்பில் செருகினேன். இணைப்பு இல்லை என்றது. நெட்டில் எவனோ எழுதி வைத்திருந்த எண்களை மறுபடி அடித்தேன். இல்லை என்றது. கடைசியில் பார்த்தால் கேபிளின் கிளிப் உடைந்திருக்கிறது. விரலால் அழுத்திப் பிடித்தால் வருகிறது, விட்டால் போகிறது.

பிடித்துக்கொண்டே உட்கார்ந்தேன். அரைமணி நேரம். விரல் மரத்துப்போனது.

எண்பத்து மூன்று சதவீதம் இறங்கியிருந்தபோது கரண்ட் போனது.

என் வாயில் வந்ததை எல்லாம் இங்கே எழுத முடியாது. மாதா படத்துக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு அப்படிப் பேசியது தப்புதான்.

மல்லாட்டைக் கடலை உரித்துக்கொண்டிருந்த ரோஸ்லின் முறத்தைக் கீழே வைத்தாள்.

"ஏங்க, விழுப்புரத்துக்கு அஞ்சு நிமிசத்துக்கு ஒரு பஸ்ஸு போய்க்கினு இருக்குது. இந்தப் பொட்டிய எதுக்குங்க கட்டிக்கினு அழுவுறீங்க?"

உன் வேலையைப் பார் என்றேன்.

கரண்ட் மூன்றரைக்கு வந்தது. மறுபடி பென் டிரைவ், மறுபடி எண்கள், மறுபடி விரல். நாலே கால் மணிக்கு நூறு சதவீதம் என்று காட்டியது. சந்தோஷப்படக்கூடத் தெம்பு இல்லை.

ஐந்து தடங்களில் நாலை அணைத்தேன். பின் இடதை மட்டும் விட்டுவிட்டு ஹெட்ஃபோனை மாட்டினேன்.

அவ்வளவு துல்லியம். மின்விசிறியின் சத்தம் கேட்டது. பாட்டுப் புத்தகத்தைத் திருப்பும் சத்தம் கேட்டது. ஆர்மோனியம் எங்கோ தூரத்தில் ஒலித்தது. பிறகு பின்வரிசைப் பெண்கள் பாடினார்கள், காதுக்குப் பக்கத்தில் நின்று பாடுகிறமாதிரி.

இரண்டு குரல்.

ஒன்று தையல்கடைக்காரர் மகள். இன்னொன்று அவள் தங்கச்சி. பாட்டு முடியும்வரை கேட்டேன். மூன்றாவது குரல் இல்லை.

தடம் மாறிவிட்டதோ என்று மற்ற நாலையும் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். எதிலும் அவள் இல்லை. மணி ஐந்தை நெருங்கிக்கொண்டிருந்தது. எரிச்சலில் அழுகை வந்தது.

திரும்பப் பின் இடதுக்கு வந்து, முழுச் சத்தம் வைத்து, முதலிலிருந்து போட்டேன்.

பாட்டுக்கு முன்னால் ஆர்மோனியம் தனியாக வாசிக்கும் இடத்தில் செருப்பில்லாத காலடிச் சத்தம் வந்தது. யாரோ முன்னாலிருந்து பின்வரிசைக்கு நடந்து வருகிறார். மைக்குக்குக் கீழே நிற்கிறார். அப்புறம் ஓர் ஆண் குரல், ரகசியமாக.

"அமலா, நீ வாய மட்டும் அசை. சத்தம் வெளிய வரக்கூடாது. எம்பொண்ணு கொரலத்தான் தூக்கிக் காட்டுறேன்னு கோயில் சனமே பேசிக்கினு இருக்குது."

என் குரல்தான். சத்தியமாக மறந்தே போயிருந்தேன்.

பிறகு அவள் சொன்னாள்.

"சரிப்பா."

அப்புறம் நாலு நிமிஷம் பாட்டு.

திருப்பித் திருப்பி அந்த ஒரு வார்த்தையையே போட்டுக்கொண்டிருந்தேன். ஆறு மணி பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று ரோஸ்லின் வந்து தோளைத் தட்டினாள். ஹெட்ஃபோனை எடுத்தேன். அமலா குரல் வந்ததா என்று கேட்டாள்.

வந்தது என்றேன்.