பாதி டம்ளர்

சர்க்கரை நோய் ஆய்வில் சேர்ந்திருந்த பெரியவர் போன மாதம் இறந்துபோனார். அவர் கையில் ஒட்டியிருந்த, சர்க்கரை அளவைப் போனுக்கு அனுப்பும் சென்சாரை அன்றே ஆய்வின் நர்ஸ்தான் கழற்றினாள். இப்போது அவர் மனைவியின் போனிலிருந்து அதன் செயலியை நீக்க வந்திருந்தாள்.

பேச்சுக்கு நடுவே போன் அலறியது. சர்க்கரை ஐம்பத்தெட்டு, இறங்கிக்கொண்டே இருந்தது.

“பாத்தியா, திரும்பவும் பட்டினி. சொன்னா எங்க கேக்குறாரு?” என்று அலுத்துக்கொண்ட அந்த அம்மாள், டம்ளர் நிறையச் சர்க்கரைத் தண்ணீர் கலக்கி கணவருடைய காலி நாற்காலி அருகே வைத்துவிட்டு வந்தார். இருவரும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எண் மெல்ல ஏறி, எழுபதைத் தாண்டி நின்றது.

நர்ஸ் எதையும் நீக்கவில்லை. “இப்படியே இருக்கட்டும்மா,” என்று போனைத் திருப்பிக் கொடுத்து எழுந்தாள். போகும்போது அவள் கண் டம்ளர் மேல் விழுந்தது. பாதிதான் இருந்தது.

“என்னிக்குத்தான் முழுசாக் குடிச்சாரு?” என்றார் அந்த அம்மாள்.